ஆம்பலும் அல்லியரிசியும்

சங்கச் செய்யுட்களில் வரும் ஆம்பலை மகளிர் அழகுக்கு உவமையாகும் நீர்ப்பூ என்ற அளவிலேயே பலரும் கண்டு செல்வர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைக்கும் பூக்களுள்ளும் அஃது இடம்பெறுகின்றது. ஆயின் ஆம்பல் பண்டைத் தமிழர்க்கு ஆடையாயிற்று, உழவர்க்குக் களையாயிற்று, கணவனை இழந்தார்க்கு உணவாயிற்று. இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கின், மகளிர் வாழ்வின் வரலாற்றில் ஒரு பகுதி புலனாகும்.

ஆம்பல் நிலைநூலார் நிம்ஃபேயா என வழங்கும் இனத்தைச் சார்ந்தது. கோடையில் குளம் வற்றினும் அதன் கிழங்கு சேற்றினுள் அழியாது கிடந்து, மழைநீர் நிறைந்தவுடன் மீண்டும் தளிர்க்கும். பூ நீர்மேல் மலரினும், காய் நீருள் அமிழ்ந்தே முதிரும். முதிர்ந்த காயினுள் வழுவழுப்பான சதை சூழ்ந்த நுண்ணிய விதைகள் நிறைந்திருக்கும். அவற்றைக் கழுவி உலர்த்திக் கொள்வதே அல்லியரிசி. இன்று அல்லி என்பது கொடிக்கும் பூவுக்கும் பெயராய் வழங்குகின்றது. ஈண்டு ஆராயும் புறப்பாட்டுக்களில் அஃது உணவைச் சுட்டுகின்றது. இதனை உளங்கொள்ளாதார் மகளிர் பூவை உண்டனர் என மயங்குதல் கூடும்.

இளமகளிர் ஆம்பலால் தொடுத்த தழையுடையை உடுத்தமையைக் குறுந்தொகை 293-ஆம் பாட்டும் நற்றிணை 390-ஆம் பாட்டும் காட்டுகின்றன. வயலில் தானே முளைக்கும் அதனை உழவர் மகளிர் நெய்தலோடு சேர்த்துக் களையாகப் பறித்தமை புறநானூறு 61-ஆம் பாட்டால் விளங்கும். எனவே, உழுது விதையாமலே வளர்வதும், நெல்லுக்கு இடையூறாய் நிற்பதும் அதன் இயல்பு என்பது தெளிவு.

இத்தகைய ஆம்பலே கைம்மைக்கு உரிய உணவாயிற்று. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய புறநானூறு 248-ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி சிறுவெள்ளாம்பலை நோக்கி இரங்குகின்றாள். இளமையில் தழையாய் உதவியதே இன்று வேளை தவறி உண்ணும் உணவாயிற்று என்பது அவள் கூற்றின் கருத்து. இறந்த கணவன் பெருவளம் உடையவன் என அவளே கூறுதல் கூர்ந்து நோக்கற்பாலது. நெல் இன்மையால் அவள் அல்லியை உண்டாள் அல்லள். நெல் இருந்தும் உண்ணாமையே அவள்மேல் சுமத்தப்பட்ட நோன்பு. மாறோக்கத்து நப்பசலையார் பாடிய 280-ஆம் பாட்டும் அணி களைந்து அல்லி உண்ணும் மகளிரைக் குறித்து, அவ்வாழ்வின் அருமையைப் புலப்படுத்துகின்றது.

இவ்வழக்கு எல்லார்க்கும் ஒரு படித்தாய் இருந்தது எனத் துணிதல் பொருந்தாது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246-ஆம் பாட்டில், கைம்மை மகளிர் நெய்யின்றிப் பிழிந்தெடுத்த சோற்றையும், எள்ளின் துவையலையும், புளியிட்டு வெந்த வேளைக்கீரையையும் உண்பர் எனக் கூறப்படுகின்றது. ஈண்டு சோறு விலக்கப்படவில்லை, சுவையே விலக்கப்பட்டது. எனவே, உணவின் வகை இடத்துக்கும் குடிக்கும் ஏற்ப வேறுபட்டிருக்கலாம்; இன்பத்தைக் குறைத்தல் என்னும் நோக்கம் இரண்டிற்கும் பொது என்று கொள்ளுதல் தகும்.

ஆம்பல் விதை இயல்பில் இழிந்த உணவன்று. வங்க நாட்டார் அதனைப் பொரியாக்கி உண்பர். பூந்தண்டைக் கறியாகச் சமைப்பர். சிங்களவரும் ஓலு எனப்படும் ஆம்பலின் விதையை அரிசிபோற் சமைத்து உண்பர். அங்கெல்லாம் அஃது எல்லார்க்கும் உரிய உண்பொருளே. துயரின் அடையாளம் அன்று.

ஆகவே, மாசாத்தனார் பாட்டின் அவலம் விதையின் சுவையில் இல்லை. ஆம்பல் மாறவில்லை, அது வளரும் நீர்நிலையும் மாறவில்லை. அதனை விரும்பி அணிந்தவளே, விரும்பியதை உண்ணும் உரிமையை இழந்து நிற்கின்றாள். இயற்கை அளித்த ஒரு கொடியைக் கொண்டு சமுதாயம் வகுத்த கொடுமையை அளந்து காட்டுதலின், இச்சிறுபாட்டு இலக்கியமாதலோடு வரலாற்றுச் சான்றாகவும் போற்றத்தக்கது.