ஆம்பூர்க் குண்டும் கண்ணாடி உலகமும்

1967 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ‘மிர்ரர், மிர்ரர்’ என்னும் அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஜெரோம் பிக்ஸ்பி. அயனிப் புயலொன்றின் விளைவாகக் கப்பல் தலைவர் கிர்க்கும் தோழர் மூவரும் வேறொரு பிரபஞ்சத்தில் போய் நிற்கிறார்கள். அதே கப்பல்; அதே முகங்கள். ஆனால் அங்கே நடப்பது கொடிய பேரரசின் ஆட்சி. மேலதிகாரியைக் கொல்வதே பதவி உயர்வுக்கு வழி.

நம் நாட்டில் இக்கருத்தை வரலாற்றின்மேல் வைத்துப் பார்த்தவர் வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் (1938–2025). ‘தி அட்வெஞ்சர்’ என்ற அவரது கதையில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், 1761 பானிபட் போரில் மராட்டியர் வென்றுவிட்ட இந்தியாவுக்குள் நுழைந்துவிடுகிறார். நாமறிந்த வரலாற்றில் பேஷ்வாவின் மகன் விஸ்வாசராவ் குண்டுபட்டு மாண்டார். அந்த உலகிலோ குண்டு அவரை உரசிக்கொண்டு போய்விடுகிறது. அங்கிருந்தே வரலாறு கிளை பிரிகிறது.

பானிபட் குண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்த குண்டொன்று வாணியம்பாடிக்கு அடுத்த ஆம்பூரில் வெடித்தது. 1749இல் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஆற்காட்டைக் குறிவைத்து வந்தபோது, நவாப் அன்வருதீன் கான் ஆம்பூரில் அவர்களை மறித்தார். ஆகஸ்ட் 3 அன்று நடந்த போரில் யானைமீதிருந்த அம்முதியவர் குண்டுபட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்று ஆங்கிலக் கம்பெனியின் உதவியைப் பற்றிக்கொண்டார். 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும், 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனதும் அதன் தொடர்ச்சியே.

அந்தக் குண்டு தவறியிருந்தால்? நார்லிகரின் வழியில் நாமும் ஒரு சுதந்திர ஆற்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் நமக்கு அது அத்தனை எளிதாகப் படவில்லை. மூன்றாண்டு முன்னரே, 1746இல், அடையாற்றங்கரையில் இதே மாபூஸ் கானின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை சிதறடித்திருந்தது. பயிற்சி பெற்ற அத்தகைய படையை விலைகொடுத்தேனும் பெற்று, பங்காளியை வீழ்த்திப் பட்டம் ஏறலாம் என்ற எண்ணம் நம் அரசர்களிடையே வேரூன்றிவிட்டது. ஆம்பூரில் குண்டு தவறியிருந்தாலும் இன்னோர் ஊரில், இன்னொரு வாரிசுச் சண்டையில், அந்தப் படை வந்தே இருக்கும்.

இங்கேதான் ‘மிர்ரர், மிர்ரர்’ நமக்கு உதவுகிறது. அக்கதையில் இரு உலகங்களையும் பிரித்துக் காட்டுவது ஒரு குண்டு அன்று. மனிதர் எதை இயல்பென்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதே. அதனால்தான் கிர்க், திரும்புமுன், அவ்வுலகின் தாடி வைத்த ஸ்பாக்கிடம் இப்பேரரசு நிலைக்காது, இதை நீயே மாற்று என்று வாதிடுகிறான். ஸ்பாக் வாக்குறுதி தரவில்லை. யோசிப்பதாக மட்டும் சொல்கிறான்.

தற்செயலின்மேல் பழி போடுவது வரலாற்றில் ஒரு வசதி. நம் பாலாற்றை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததற்கு எந்தக் குண்டும் காரணமில்லை. அது நாள்தோறும் நாம் இயல்பென்று ஏற்றுக்கொண்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நீர் தெளிந்தோடும் இன்னொரு வாணியம்பாடி எங்கேனும் ஓர் இணைப் பிரபஞ்சத்தில் இருக்கலாம். நமக்கு ஆகவேண்டியது இந்தப் பாலாறு.