குழந்தையின் நிறையும் நாட்டின் வரலாறும்

பசியின் வரலாற்றை எழுதியோர் பலர். உடற்பருமனின் வரலாற்றை எழுத முற்பட்டோர் சிலரே. அதிலும் வன்னியைக் குறித்துப் பேசுங்கால், பிள்ளைகளின் மிகைநிறை ஒரு பிரச்சினையாகுமா என்று வியப்போர் உளர். மெலிந்த குழந்தைகள் நிறைந்த மண்ணில் பருத்த குழந்தையைப் பற்றிக் கவலுறுதல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் எண்ணம். ஆயினும் கிளிநொச்சியிலோ, முல்லைத்தீவிலோ, வவுனியாவிலோ வகுப்பறையினுள் நுழையும் ஆசிரியர், காலையுணவின்றி வந்த பிள்ளையையும், தன் உடலை எண்ணி நாணி ஒதுங்கும் பிள்ளையையும் ஒரே வாங்கில் காண்கிறார். இவ்விருவரும் ஒரே வரலாற்றின் மக்கள் என்பதே எமது துணிபு.

வன்னி குளங்களின் நாடு. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் நெல்லை விளைத்தன. மேட்டு நிலத்தில் குரக்கனும் பயறும் உளுந்தும் எள்ளும் விளைந்தன. நந்திக்கடல் மீனும் இறாலும் ஈந்தது. கோதுமை இம்மண்ணின் பயிரன்று. அது கப்பலேறி வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், இலங்கையிற் பங்கீட்டு முறை ஏற்பட்டது. அரிசியும் மாவும் சீனியும் கூப்பன் வழியே குடிசையை எட்டின. 1953 இல் ஒரு கொத்து பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தாலில் உழைக்கும் மக்கள் வீதியில் இறங்கினர். பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பிள்ளையின் கோப்பையில் என்ன விழுகிறது என்பது அரசியல் என்பதை அன்றே மக்கள் உணர்ந்திருந்தனர்.

எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னி உழவன் மிளகாயும் வெங்காயமும் விளைத்துத் தலைநிமிர்ந்தான். 1977 இன் பின் சந்தை திறந்தது. 1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. 1980 இல் திருகோணமலையிற் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் ரொட்டியும் ஏழையின் அன்றாட உணவாயின.

பின்னர் வந்தது போர். 1990 முதல் பொருளாதாரத் தடை வன்னியை வருத்தியது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சியே உயிர்தாங்கியது. எஞ்சியோர் மூன்று இலட்சத்தை அண்மித்த தொகையினராய், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். 2012 இலேயே அது மூடப்பட்டது. முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் கிடைத்த உலருணவில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியன இருந்தன. உயிர்காத்த உணவு அது. ஆயினும் கீரையும் மீனும் பழமும் அதில் இல்லை. ஏ-9 வீதி திறந்ததும் பிஸ்கற்றும் இனிப்புப் பானமும் கிராமக் கடையை நிறைத்தன. வளவுகளிலும் வெளிகளிலும் கண்ணிவெடி அகற்றப்படும்வரை பிள்ளைகள் ஓடியாட இடமிருக்கவில்லை. இன்று இடமுண்டு, மாலைப் பொழுதைத் தனியார் வகுப்புகள் விழுங்குகின்றன.

பசிக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. 1944–45 குளிர்காலத்தில், நாஜிகளின் ஆக்கிரமிப்பின்கீழ் நெதர்லாந்து மக்கள் பட்டினி கிடந்தனர். அப்போது கருவின் முற்பாதியிற் பட்டினியுற்றோரிடையே 19 வயதிற் பருமன் மிகுந்திருந்ததை 1976 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது ஒல்லாந்தரின் கதை. வன்னியின் பிள்ளைகளை இவ்வாறு எவரேனும் பின்தொடர்ந்து ஆராய வேண்டாமா? இன்னொன்றும் உண்டு. தன் பிள்ளை கஞ்சிக்கு வரிசையில் நின்றதைக் கண்ட தாய், அது நிறைவயிறு உண்பதைக் காண்பதில் ஆறுதல் அடைகிறாள். அவளை நோக்கி "அளவுக்கு மீறி ஊட்டுகிறாய்" என்று சுட்டுவிரல் நீட்டுவது மருத்துவமாகுமா?

அரசு முற்றிலும் வாளாவிருக்கவில்லை. 2016 இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது; 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு. 2017 இல் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அச்சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதித்தது. ஆயின் சிவப்புக் குறி மாத்திரம் என் செய்யும்? கடையில் மோரும் கஞ்சியும் கிடையாதபோது பிள்ளை எதனைத் தெரியும்?

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. அளந்த எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதல்ல, குடும்பத்திற்குத் துணைநிற்பதே கடமை. வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாகாது. பெரும்பாலும் நிறை கூடாது நிற்க, உயரம் வளர்ந்தாற் போதும். அதற்கு ஒரு பிள்ளைக்கெனத் தனிச்சமையல் வேண்டா. வீட்டார் அனைவரும் தேநீரிற் சீனியைக் குறைத்து, குரக்கனையும் பயற்றையும் முருங்கையிலையையும் மீண்டும் உலையேற்றட்டும். நாள்தோறும் ஒரு மணிநேரமேனும் பிள்ளை ஓடியாடட்டும்.

எனினும் கூலிக்குச் செல்லும் தாயிடம் இவற்றைச் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் அறமன்று. உள்ளூர் உழவரிடம் தானியமும் மீனவரிடம் மீனும் வாங்கிச் சமைக்கும் மதிய உணவு, சீனிப்பானம் விற்காத சிற்றுண்டிச்சாலை, வகுப்புகளுக்குப் பலியாகாத விளையாட்டு நேரம், கிராமந்தோறும் போதிய குடும்பநல உத்தியோகத்தர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல் ஆசிரியரதும் மாணவரதும் கடன். "குண்டன்" என்னும் ஏளனச்சொல் வகுப்பறையில் ஒலிக்காதிருக்கச் செய்தல் நாளைக் காலையே தொடங்கக்கூடிய பணி.