லாரியில் ஏறிய டாங்கி: ரெனோ எஃப்.டி. முதல் ஆவடி வரை

சம்பா அறுவடைக் காலத்தில் திண்டிவனம், விழுப்புரம் சாலைகளில் நெல் அறுவடை இயந்திரங்களைச் சுமந்தபடி லாரிகள் போகும். டயர் வண்டிக்கு லாரி தேவையில்லை, தானே ஓடி வந்துவிடும். பெல்ட் வண்டிக்குத்தான் இந்தப் பல்லக்குச் சவாரி. மழை பெய்து சேறான வயலில் டயர் வண்டி புதைந்து நிற்கும். பெல்ட் வண்டியோ தன் எடையை நீளமான பட்டை முழுக்கப் பரப்பிக்கொண்டு நகர்ந்துவிடும். ஆனால் அதே பட்டை தார்ச்சாலையில் தேயும், வேகமும் வராது. வயலுக்கு ஏற்றது சாலைக்கு ஆகாது என்பதால் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் விவசாயிக்கு வண்டி எப்படி வந்து சேர்கிறது என்பதும் ஒரு கவலை.

முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல் பிரெஞ்சு ராணுவத்தைப் பிடித்ததும் இதே கவலைதான். அதற்குக் கிடைத்த விடை, ரெனோ எஃப்.டி. என்னும் ஆறரை டன் டாங்கி. உலக டாங்கிகளின் உருவத்தையே மாற்றிய வண்டி என்று அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. அது உண்மைதான். ஆனால் அதன் சுழல் கோபுரத்தைப் புகழும் அளவுக்கு அதன் எடையை யாரும் பேசுவதில்லை. இலகுரக டாங்கியின் வரலாற்றை நடத்தியது பீரங்கியல்ல, எடைதான் என்பதற்கு ஸோஜி லா, சுஷுல், ஆவடி என்று நம் பக்கத்திலும் சான்றுகள் இருக்கின்றன.

பிரெஞ்சு டாங்கிப் படையின் தந்தை என்று சொல்லப்படும் ஜான் பாப்டிஸ்ட் எஸ்தியேன் ஒரு பீரங்கிப் படை அதிகாரி. சங்கிலிப் பட்டையில் ஓடும் அமெரிக்க ஹோல்ட் டிராக்டரைப் பார்த்ததிலிருந்து, அகழிகளையும் முள்கம்பிகளையும் தாண்டும் கவச வண்டி அவர் மனதில் உருவெடுத்தது. 1915 டிசம்பரில் தலைமைத் தளபதி ஜோஃப்ரிடம் யோசனையைச் சொன்னார். கார் உற்பத்தியாளர் லூயி ரெனோவை அணுகியபோது, பட்டை வண்டிகளில் தனக்கு அனுபவம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். வேலை ஷ்னைடர் நிறுவனத்துக்குப் போனது.

1916 ஜூலையில் பாரிஸின் கிளாரிட்ஜ் ஓட்டலில் எஸ்தியேனும் ரெனோவும் மறுபடி சந்தித்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் ரெனோவின் மனம் மாறியிருந்தது. ஒரு சிறிய டாங்கிக்கான சிந்தனையைத் தன் பட்டறையில் தொடங்கிவிட்டிருந்தார். பெரிய வண்டி கட்ட ரெனோவுக்கு மனமில்லை. அன்றைய எஞ்சின்களின் திறனை நன்கறிந்தவர் அவர். இருக்கிற எஞ்சினை வைத்துக்கொண்டு கனமான வண்டியை ஓட்டினால் அது ஊர்ந்துதான் போகும் என்று கணக்குப் போட்டார். பிரிட்டனின் மார்க் ஒன்று டாங்கி 28 டன், அதற்குள் எட்டுப் பேர். பிரான்ஸின் செயின்ட் ஷமோன் 23 டன். ஷ்னைடர் பதின்மூன்று டன்னுக்கு மேல். 1917 ஏப்ரல் 16-இல் பெரி ஒ பாக் என்ற இடத்தில் ஷ்னைடர் டாங்கிகள் முதன்முதலாகப் போரில் இறங்கின. போன 132-இல் பாதிக்கு மேல் அன்றைக்கே இழக்கப்பட்டன. அந்தச் செய்தி வந்தபோது ரெனோவின் சிறு டாங்கியின் மாதிரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அதன் வடிவமைப்புக்கான பெருமை பெரும்பாலும் ரெனோவுக்கும் எஸ்தியேனுக்கும் போய்விடுகிறது. உண்மையில் வரைபலகையில் உழைத்தவர் ரொடோல்ஃப் எர்ன்ஸ்ட் மெட்ஸ்மையர். அவர் முன் இருந்த நிபந்தனை எளிமையானது, கொடுமையானதும்கூட: ஏழு டன்னைத் தாண்டக் கூடாது, அகழியைத் தாண்ட வேண்டும்.

எடையைக் குறைக்க ஒரே வழி கவசத்தைக் குறைப்பது. கவசத்தைக் குறைக்க ஒரே வழி உள்ளே இருக்கும் இடத்தைச் சுருக்குவது. ஆட்கள் எட்டிலிருந்து இரண்டானார்கள். ஓட்டுநர் முன்னால், தளபதி நடுவில், எஞ்சின் பின்னால். இரும்புத் தடுப்பு ஒன்று எஞ்சினைத் தனி அறையாகப் பிரித்தது. பிரிட்டிஷ் டாங்கிகளில் எஞ்சினோடு ஒரே கூண்டுக்குள் வெந்து, புகையில் மயங்கி விழுந்த வீரர்களை நினைத்துப் பார்த்தால் அந்தத் தகட்டின் அருமை தெரியும். ரேடியேட்டரின் விசிறி, ஆட்கள் இருக்கும் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து எஞ்சின் அறை வழியே பின்னால் தள்ளியது. குளிர்விக்கும் கருவியே காற்றோட்டக் கருவியாகவும் ஆனது.

பக்கவாட்டில் பல துப்பாக்கிகள் வைக்க இரண்டு பேர் போதாது. ஆகவே ஒரே ஆயுதம், அது எல்லாத் திசையிலும் திரும்ப வேண்டும். முழு வட்டமும் சுழலும் கோபுரம் இப்படித்தான் டாங்கியின் தலையில் ஏறியது. எட்டு மில்லிமீட்டர் ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கி, அல்லது 37 மில்லிமீட்டர் சிறு பீரங்கி, இரண்டில் ஒன்று. கோபுரத்தைச் சுழற்றப் பற்சக்கரமோ மோட்டாரோ கிடையாது. தளபதி தன் உடலால் தள்ளித் திருப்ப வேண்டும். குறி பார்ப்பது, சுடுவது, குண்டு நிரப்புவது, வழி சொல்வது எல்லாம் அவரே. எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் கட்டளைகள் காலால் போயின. முதுகில் உதைத்தால் முன்னே போ, தலையில் உதைத்தால் நில். ஆறரை டன்னுக்குள் அடங்க ஆள் கொடுத்த விலை அது.

அகழியும் குண்டுக்குழியும் நிறைந்த நிலத்தில் ஏற, முன்பக்கம் பெரிய சக்கரங்கள். அவை தொடக்கத்தில் இரும்பு வளையம் போட்ட மரச்சக்கரங்கள். வண்டியின் வாலில் வளைந்த ஓர் இரும்புச் சறுக்கு. அகழியைத் தாண்டும்போது வண்டி பின்பக்கமாகச் சாயாமல் அது தாங்கும். பட்டை தளர்ந்து கழன்றுவிடாதபடி சுருள்வில் ஒன்று அதை எப்போதும் இறுக்கமாக வைத்திருந்தது. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் எந்தச் சரிவிலும் எண்ணெய் வற்றாமல் ஓடும்படி அமைக்கப்பட்டது. அதன் திறன் 40 குதிரைத்திறனை எட்டவில்லை. வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். கோபுரத்தின் கவசம் 22 மில்லிமீட்டர். துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்க அது போதும், பீரங்கிக் குண்டுக்குப் போதாது. ஒரு டாங்கி போனால் போகட்டும், கூட்டமாக வரட்டும் என்பது எஸ்தியேனின் கணக்கு. அவரது உவமை தேனீக் கூட்டம்.

கூட்டத்துக்கு எண்ணிக்கை வேண்டும். ரெனோவோடு பெர்லியே, சோமுவா, தெலோனே பெல்வில் நிறுவனங்களும் உற்பத்தியில் இறங்கின. காகிதத்தில் எளிதாகத் தெரிந்தது பட்டறையில் மக்கர் செய்தது. விசிறியின் பெல்ட் அறுந்துகொண்டே இருந்தது, குளிர்விப்பு சொதப்பியது. வார்ப்பு எஃகுக் கோபுரம் வேண்டிய அளவு கிடைக்காததால், தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த எட்டுமுகக் கோபுரமும் வந்தது. 1917 முழுவதும் சேர்த்து வெளிவந்தவை 84 மட்டுமே. அடுத்த ஆண்டு வெள்ளமாக வந்தன. போர் முடியும்போது ஏறத்தாழ 2,700 டாங்கிகள் ராணுவத்தின் கையில் இருந்தன.

1918 மே 31 அன்று, ஜெர்மானியர் பாரிஸை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தபோது, ரெட்ஸ் காட்டுக்குக் கிழக்கே எஃப்.டி. முதன்முதலாகச் சண்டையிட்டது. இங்குதான் எடையின் பயன் தெரிந்தது. கனமான டாங்கிகளை ரயில் போகும் இடம் வரைக்கும்தான் கொண்டுபோக முடியும். அதற்கு மேல் அவை ஊர்ந்தே போக வேண்டும், பாதி வழியிலேயே பழுதாகும். எஃப்.டி.யோ லாரியிலோ இழுவை வண்டியிலோ ஏறிப் போர்முனைக்குப் பக்கத்தில் போய் இறங்கிக்கொள்ளும்.

 எஃப்.டி. டாங்கிகள் போருக்குப் பிறகு பல நாடுகளுக்குப் போயின. அமெரிக்கா அதையே பார்த்து எம் 1917 என்று 950 வண்டிகள் செய்துகொண்டது. ஆப்கானிஸ்தானுக்கும் சில போய்ச் சேர்ந்தன; அவற்றில் இரண்டு 2003-இல் காபூலின் பழைய இரும்புக் குவியலில் கண்டெடுக்கப்பட்டன. 1940-இல் ஜெர்மானியர் மறுபடி பிரான்ஸுக்குள் புகுந்தபோதும் நூற்றுக்கணக்கான எஃப்.டி.க்கள் பணியில் இருந்தன. அந்தப் பழைய மாடல் அப்போது எதற்கும் உதவவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்திய மலைகளில் இலகுரக டாங்கி தன் தகுதியை நிரூபித்தது 1948-இல், பாகிஸ்தானுடனான காஷ்மீர்ப் போரில். லடாக்குக்கான வழியில் ஸோஜி லா கணவாயை எதிரிகள் பிடித்திருந்தார்கள். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் டாங்கி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஜெனரல் திம்மையா நினைத்தார். ஏழாவது குதிரைப்படையின் அமெரிக்க ஸ்டூவர்ட் டாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 15 டன், கோபுரங்களைக் கழற்றித் தனியே ஏற்றி, அடையாளம் தெரியாமல் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குக் கொண்டுவரப்பட்டன. அடிவாரத்தில் உள்ள பால்தாலிலிருந்து கணவாய்க்குக் கோவேறு கழுதைத் தடம் மட்டுமே உண்டு. அதை டாங்கி போகும் பாதையாக வெட்டியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாயில் ஏறின. எதிரிகள் பதுங்குகுழிகளை விட்டு ஓடினார்கள். முப்பது டன் ஷெர்மன் டாங்கியை அந்தப் பாதையில் ஏற்றியிருக்க முடியுமா என்று கேட்டால், சந்தேகம்தான்.

அதற்குள் பிரான்ஸ் புதிய இலகுரக டாங்கி ஒன்றை வரைந்துகொண்டிருந்தது. ஈஸி லே முலினோ பட்டறையில் 1946-இல் தொடங்கிய ஏ.எம்.எக்ஸ். 13, எஃப்.டி.யின் பேரன் எனலாம். ஆனால் பாட்டனின் விதியையே உடைத்த பேரன். விமானத்தில் ஏற வேண்டும் என்பதே நிபந்தனை. பெயரில் உள்ள 13, முதலில் குறிவைத்த எடை. கடைசியில் சுமார் 15 டன்னில் நின்றது. எடையைக் குறைக்க எஞ்சினை ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால் வைத்தார்கள், கோபுரம் பின்னால் நகர்ந்தது. அந்தக் கோபுரமே ஒரு விசித்திரம். வழக்கமான டாங்கியில் பீரங்கி மட்டும் மேலும் கீழும் அசையும். இதில் கோபுரம் இரண்டு துண்டு. மேல் துண்டு முழுக்கப் பீரங்கியோடு சேர்ந்தே தலையாட்டும். பீரங்கி எந்தக் கோணத்தில் நின்றாலும் அதன் பின்வாயும் குண்டுப் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், ஆறு ஆறாக இரண்டு சுழல் பெட்டிகளிலிருந்து குண்டு தானாக ஏறும். குண்டு நிரப்பும் ஆள் தேவையில்லை. மூன்று பேர் போதும். அந்த மூவரும் குள்ளமாக இருந்தால் நல்லது என்று டாங்கிக்காரர்கள் கேலி செய்வதுண்டு. பன்னிரண்டு குண்டும் தீர்ந்தால் பின்வாங்கி, வெளியே வந்து பெட்டியை நிரப்ப வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் இந்தியா இவற்றில் 164 வாங்கியது. சீனாவுடனான போரின்போது, 1962 அக்டோபர் 25 அன்று இருபதாவது லான்சர்ஸ் படையின் ஆறு டாங்கிகளை சண்டிகரிலிருந்து ஏ.என். 12 விமானங்கள் லடாக்கின் சுஷுலுக்குத் தூக்கிச் சென்றன. 4,300 மீட்டர் உயரத்தில், மண் இறுகிய ஓடுதளம். விமானத்தின் உச்சக் கொள்ளளவே 20 டன்தான். மெல்லிய காற்றில் அதிலும் குறையும். எண்ணிப் பார்த்தால், 1917-இல் லாரிக்காகப் போட்ட கணக்கைத்தான் அன்று விமானத்துக்காகப் போட்டார்கள். நவம்பர் 18 அன்று குருங் குன்றில் சண்டை மூண்டபோது அந்த டாங்கிகள் கூர்க்காக்களுக்குத் துணையாகச் சுட்டன. 1965 செப்டம்பரில் சம்ப் பகுதியில் அதே படை, தன் டாங்கிகளைவிட மும்மடங்கு கனமான, பாகிஸ்தானின் அமெரிக்க ‘பாட்டன்’ டாங்கிகளை எதிர்கொண்டது. சிலவற்றை அழித்தும் காட்டியது. ஆனாலும் சமவெளியில் மெல்லிய கவசத்தோடு நின்று தாக்குப்பிடிப்பது இலகுரக டாங்கியின் வேலை அல்ல.

அந்த 1965-இன் டிசம்பரில்தான் திண்டிவனத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தொழிற்சாலையின் பெயரே திசையைச் சொல்லிவிட்டது. விஜயந்தா, டி 72, டி 90, பிறகு ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் என்று எடை ஏறிக்கொண்டே போனது. அர்ஜுனின் புதிய வடிவம் 68 டன். ராஜஸ்தான் மணலில் சிங்கம். லடாக் பாலங்களில் கால் வைக்க முடியாது.

2020-இல் சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பின் இந்தியா டி 72, டி 90 டாங்கிகளை லடாக்குக்கு ஏற்றியது. பெரிய விமானங்கள் இப்போது 46 டன் டாங்கியையும் தூக்கிவிடும். ஆகவே சுஷுல் கணக்கை அப்படியே திருப்பிச் சொன்னால் தவறாகும். சிக்கல் இறங்கிய பிறகுதான். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் சுமார் 60 விழுக்காடுதான் அங்கே. எஞ்சின் மூச்சு வாங்கும். செங்குத்தான சரிவில் ஒவ்வொரு டன்னும் பாரம். எதிர்ப்பக்கத்தில் சீனா முப்பத்துச் சொச்சம் டன் எடையுள்ள புதிய இலகுரக டாங்கியை நிறுத்தியிருந்தது.

கனத்துக்கே பழகிய ஆவடி நிறுவனம் எல் அண்ட் டி.யுடன் சேர்ந்து ஸோராவர் டாங்கியை வடிவமைத்தது. 1841-இல் திபெத்துக்குள் படைநடத்திய ஜெனரல் ஸோராவர் சிங்கின் பெயர். 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் அது வெளியே வந்தது. எடை 25 டன். எஞ்சின் அமெரிக்கக் கம்மின்ஸ். டன்னுக்குச் சுமார் 30 குதிரைத்திறன். எஃப்.டி.யில் டன்னுக்கு ஆறுகூட இல்லை. பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் நிறுவனக் கோபுரத்தில் 105 மில்லிமீட்டர் பீரங்கி, தானாகக் குண்டு ஏற்றும் இயந்திரம். ஓட்டுநர் மறுபடி முன்னால், எஞ்சின் மறுபடி பின்னால். சி 17 விமானத்தில் இரண்டு ஸோராவர்களை ஏற்றலாம் என்கிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், வெவ்வேறு தூரங்களில் இலக்கு வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். ராணுவம் கேட்டிருப்பது 354 இலகுரக டாங்கிகள். அதில் 59 இந்த வடிவமைப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.