வேடர் வேலைவாய்ப்புத் தடைகள் (கிழக்கிலங்கை)

இலங்கையின் பழங்குடியினரான வேடர், தகுதிக்கேற்ற நிலையான தொழிலை நியாயமான நிபந்தனைகளில் பெறுவதற்குத் தடையாகும் சட்ட, சமூக, பொருளாதாரக் காரணிகளின் தொகுப்பு.

பிரிவுகள்: அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில் பொல்லெபெத்த வேடர் வாழ்கின்றனர். தமிழ் பேசும் கரையோர வேடர், கல்முனைக்கு வடக்கே வாகரை, மூதூர் பகுதிகளில் மீன்பிடி, கூலி வேலை ஆகியவற்றைச் சார்ந்துள்ளனர்.

வரலாறு: 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் வேடரின் பாரம்பரிய நிலங்கள் நீரில் மூழ்கின. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதால் காட்டுத் தொழில்கள் மேலும் சுருங்கின.

தடைகள்: அரச வேலைகள் பலவற்றுக்குக் க.பொ.த. சாதாரண தரச் சித்தி அடிப்படைத் தகுதியாகும். இடைவிலகல், பாடசாலைத் தொலைவு ஆகியவை அதை எட்டாததாக்குகின்றன. நாட்கூலியில் ஊழியர் சேமலாப நிதி போன்ற பாதுகாப்புகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் வேடர் தனி இனப்பிரிவாகக் காட்டப்படாததால், அவர்களின் தொழில்நிலை பற்றிய தேசியத் தரவும் அதில் கிடைக்கவில்லை. இனவழி இழிவுபடுத்தலும் ஒரு தடையாகும்.

சட்டநிலை: அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. தொழில், வேலைவாய்ப்புப் பாகுபாடு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. பழங்குடியினருக்கான 169ஆம் சமவாயத்தை (1989) ஏற்கவில்லை.

ஒப்புநோக்கத்தக்கது: ஆலையடிவேம்புப் பிரதேச அளிக்கம்பையில் குடியமர்ந்த தெலுங்கு பேசும் வனக்குறவர், பழங்குடியினராக வகைப்படுத்தப்படாத நாடோடி மரபினர்.