திருத்தணி மலையின் படிவழியும் சுனைகளும்

திருத்தணி மலை, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி எழும் பாறைக் குன்று. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் சுப்பிரமணிய சுவாமி கோயில் இதன் உச்சியில் உள்ளது. அதற்குச் செல்லும் 365 படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்வர். இப்படிவழியைக் கோயிலுக்கான பாதையாக மட்டுமே பலரும் அறிவர். சுற்றியுள்ள தீர்த்தங்களோடு சேர்த்து நோக்கினால், வறண்ட குன்றில் நீர் தங்கும் இடங்களை இணைக்கும் இயற்கை நடைவழியாகவும் இது விளங்கும். அந்த நோக்கில் இதைப் பேணுவதே மலைக்கும் வழிபாட்டுக்கும் ஒருசேர நன்மை தரும்.

இதற்குச் சான்று மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. அடிவாரத்தில் சரவணப் பொய்கை; ஆடிக் கிருத்திகையையொட்டித் தெப்பத் திருவிழா நடப்பது இங்கேதான். தென்புறத்தில் சப்தரிஷிகளோடும் கன்னிமாரோடும் தொடர்புபடுத்தப்படும் ஏழு சுனை. மலைச்சுனையில் இந்திரன் கருங்குவளையை வளர்த்தான் என்கிறது தலபுராணம். பாறையின் பள்ளங்களில் மழைநீர் தேங்குவதாலும், வெடிப்புகளில் இறங்கிய நீர் மெல்லக் கசிவதாலும் சுனைகள் உருவாகின்றன. மேலே மண்ணும் புதரும் இருந்தால்தான் நீர் ஓடி வீணாகாமல் வெடிப்புகளுக்குள் இறங்கும். எனவே சுனையைக் காப்பது என்பது அதற்கு மேலுள்ள சரிவைக் காப்பதுதான்.

வறண்ட குன்றின் இச்சுனைகளைப் பாலைச் சோலைக்கு ஒப்பாகவும் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை பெறும் ஊரைப் பாலைச் சோலையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சாக்கடல் கரையில் உள்ள ஏன் கெதி உண்மையான பாலைவனச் சோலை. தொலைவிலுள்ள மலைகளில் பெய்த மழை அங்கே ஊற்றாகிறது. திருத்தணி பாலைவனம் அல்ல. ஆனால் செங்குத்தான பாறை, பெய்த மழையைப் பிடித்து வைப்பதில்லை. கோடையில் அங்கே உயிர்கள் நம்பியிருப்பது சுனைகளையே. மழையளவு வேறானாலும் இந்தச் சார்பு ஒன்றே. புராணம் நீரியல் சான்றாகாது என்பதும் சரியே. என்றாலும், குவளை தேங்கிய நீரில் வளரும் கொடி. அதை இம்மலைக்கு உரிய மலராகக் கொண்ட மரபு, நீரையே தலத்தின் பெருமையாகக் கண்டது என்பதில் ஐயமில்லை.

உச்சிவரை வாகனச் சாலை இருக்கும்போது நடைவழி எதற்கு என்பது மற்றொரு வாதம். முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் சாலை தேவை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடியே ஏறுகிறார்கள். நின்று நிதானித்து ஏறுவது இங்கே வழிபாட்டின் பகுதி. அப்படி ஏறுபவரே சரிவில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும், கழிவு சேர்ந்த நீரையும் நேரில் காண்பார். மலையருகே ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆகவே இம்மலைச் சரிவின் தூய்மை திருத்தணியின் கவலை மட்டுமல்ல. படியேறுவோர் குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். சுனைகளைத் தூர்வாரி, சரிவில் இம்மண்ணுக்குரிய மரங்களை வளர்ப்பதைக் கோயில் திருப்பணியாகவே கருத வேண்டும்.