இலிகிதர் விட்மன் எழுதிய கடிதங்கள்

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் பிரைஸ் ஒரு செய்தியை வெளியிட்டார். மேரிலாந்து மாநிலத்தின் கொலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கவிஞர் வோல்ட் விட்மனின் கையெழுத்தில் ஏறத்தாழ 3,000 ஆவணங்களைத் தாம் அடையாளம் கண்டிருப்பதாக அவர் அறிவித்தார். இலக்கிய உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அவற்றில் ஒரு கவிதை கூட இல்லை. அத்தனையும் வாஷிங்டனில் சட்டமா அதிபர் அலுவலகத்திலிருந்து வெளியே சென்ற அரசாங்கக் கடிதங்கள். எழுதிய கை மட்டுமே விட்மனுடையது, கையொப்பம் வேறொருவருடையது.

தமிழ் வாசகருக்கு விட்மன் பாரதியின் வழியாக வந்தவர். 'நகரம்' என்ற கட்டுரையில் பாரதி அவரை ஒரு மகானாகவே நமக்கு அறிமுகம் செய்து வைத்தார். பாரதியின் வசன கவிதை பற்றிப் பேசும் எவரும் விட்மனின் பெயரைச் சொல்லாமல் போவதில்லை. தாடியும் திறந்த சட்டைக் கழுத்துமாக, சனநாயகத்தைப் பாடிய அந்த மனிதர் எட்டாண்டுகளுக்கு மேல் ஒரு கந்தோரில் இலிகிதராக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விடயம்.

1819இல் லோங் ஐலண்டில் பிறந்த விட்மன், அச்சுக் கோப்பவராகத் தொடங்கிப் பத்திரிகையாளரானவர். 1846 முதல் 1848 வரை புரூக்லின் டெய்லி ஈகிள் பத்திரிகையின் ஆசிரியர். 1855இல் 'புல்லின் இதழ்கள்' நூலின் முதற்பதிப்பைத் தம் செலவிலேயே வெளியிட்டார். அதில் இருந்தவை 12 கவிதைகள் மட்டுமே. ஒரு பிரதியைப் பெற்ற எமர்சன், யூலை 21ஆம் திகதி மனம் நிறைந்த பாராட்டுக் கடிதம் ஒன்றை எழுதினார். அதற்குப் பின்னர் நடந்தது ஒரு பத்திரிகைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். எமர்சனிடம் ஒரு வார்த்தை கேளாமல் அக்கடிதம் நியூயோர்க் டிரிபியூன் பத்திரிகையில் அச்சேறியது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில், அக்கடிதத்தின் வாழ்த்து வாசகம் எமர்சனின் பெயரோடு பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டது. தனிப்பட்ட கடிதத்தை விளம்பரமாக்கியது தவறுதான். ஆனால் ஒரு கடிதத்தின் பெறுமதியை விட்மன் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கும் அதுவே முதற்சான்று.

1862 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் காயமடைந்தோரின் பெயர்ப் பட்டியலில் தம் தம்பி ஜோர்ஜின் பெயரைப் பத்திரிகையில் கண்டு விட்மன் வர்ஜீனியாவுக்கு ஓடினார். தம்பிக்குப் பெரிய காயமில்லை. ஆனால் போர்முனை மருத்துவக் கூடாரங்களில் கண்ட காட்சி அவரைத் திரும்பிப் போக விடவில்லை. வாஷிங்டனில் தங்கினார். படையினருக்குச் சம்பளம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் தினமும் சில மணி நேரம் பிரதியெடுக்கும் வேலை. மிகுந்த நேரமெல்லாம் மருத்துவமனைகளில். ஏறத்தாழ 600 தடவைகள் மருத்துவமனைகளுக்குச் சென்று, 80,000 முதல் ஒரு இலட்சம் பேர் வரையான நோயாளிகளைப் பார்த்ததாக அவரே பின்னர் கணக்குச் சொன்னார். கணக்கில் கொஞ்சம் கவிஞரும் கலந்திருக்கலாம். பழம், புகையிலை, சில்லறைக் காசு, கடித உறை, முத்திரை ஆகியவற்றைப் பையில் நிரப்பிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் போவார். எழுதத் தெரியாதவனுக்கும் எழுத முடியாத அளவுக்கு நலிந்தவனுக்கும் அருகில் அமர்ந்து, அவன் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்.

இறந்தவர்களுக்காகவும் எழுதினார். நியூயோர்க் 141ஆம் படையணியைச் சேர்ந்த எரஸ்டஸ் ஹஸ்கல் என்ற இளைஞன் 1863 ஓகஸ்ட்டில் காய்ச்சலால் மாண்டான். அவன் பெற்றோருக்கு விட்மன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வீரமரணம் என்ற பெரிய சொற்களுக்கு அதில் முதன்மை இல்லை. அவன் அதிகம் பேசமாட்டான். படுக்கை அருகே சிறு மேசையில் அவனுடைய ஊதுகுழல் கிடந்தது. தேறியதும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான் என்பன போன்ற சின்னஞ்சிறு விபரங்களே அதில் நிறைந்துள்ளன. மகனின் கடைசி நாட்களைக் காணாத தாய்க்கு வேறு என்ன வேண்டும்? ஒரு நல்ல நிருபர் எதைக் குறித்துக் கொள்வாரோ அதையே விட்மன் குறித்துக் கொண்டிருக்கிறார்.

பிறருக்காகக் கடிதம் எழுதுவது என்றால் என்னவென்று மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில் நான் சிறுவனாக இருந்த கொத்மலைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை தோறும் பாடசாலை வாத்தியார் வீட்டு வாசலில் நாலைந்து பேராவது காத்திருப்பார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் 'அழுகைக் கோச்சி' ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கூடலூரிலிருந்தும் குன்னூரிலிருந்தும் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும் பதில் எழுதவும் ஆள் வேண்டும். கிழவி ஒருத்தி சொல்லிக்கொண்டே போவாள். வாத்தியார் 'இவ்விடம் யாவரும் நலம்' என்று தொடங்குவார். அவள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள். வாத்தியார் கைச்சளி பிடித்திருந்த ஒரு வாரம் அந்த வேலை எனக்கு வந்தது. கிழவி சொன்னதை அப்படியே எழுதினால் அங்கே உள்ளவர்கள் அழுவார்கள், சுருக்கினால் இவள் கோபிப்பாள். எதை எழுதுவது, எதை விடுவது என்று பத்து வயதில் திகைத்த அந்தத் திகைப்பு, பின்னாளில் செய்தி எழுதும்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

விட்மனிடம் திரும்புவோம். 1865 ஜனவரியில் உள்நாட்டு அலுவல்கள் திணைக்களத்தின் செவ்விந்தியர் விவகாரப் பிரிவில் ஆண்டுக்கு 1,200 டொலர் சம்பளத்தில் இலிகிதர் பதவி கிடைத்தது. அது ஆறு மாதம் கூட நிலைக்கவில்லை. புதிதாக வந்த அமைச்சர் ஜேம்ஸ் ஹார்லன், விட்மனின் மேசையில் இருந்த 'புல்லின் இதழ்கள்' பிரதியைப் பார்த்துவிட்டு, இத்தகைய நூலை எழுதியவர் அரசாங்க அலுவலகத்தில் இருக்கலாகாது என்று ஜூன் 30ஆம் திகதி அவரை நீக்கினார். நண்பர்களின் முயற்சியால் மறுநாளே சட்டமா அதிபர் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. நண்பர் ஓகோனர் கொதித்தெழுந்து எழுதிய பிரசுரமே, 'நரைத்த நல்ல கவிஞர்' என்ற பட்டப்பெயரை விட்மனுக்கு நிலைக்க வைத்தது. வேலை நீக்கம் செய்து ஒரு கவிஞரைப் புகழேணியில் ஏற்றிய அமைச்சர் என்பதைத் தவிர ஹார்லனை இன்று எவர் நினைக்கிறார்!

பிரைஸ் கண்டெடுத்த ஆவணங்கள் சட்டமா அதிபர் அலுவலகக் காலத்தவை. தட்டச்சு இயந்திரம் கந்தோர்களுக்குள் வருமுன், ஒவ்வொரு கடிதத்தையும் அதன் பிரதியையும் ஒருவர் கையால் எழுதியாக வேண்டும். போர் முடிந்து மன்னிப்புக் கோரிய தென்பகுதியினரின் விண்ணப்பங்கள், தென்பகுதித் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் மீதான தேசத்துரோக வழக்கு, ரயில்பாதை நில விவகாரம், கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கூ குளுக்ஸ் கிளான் கும்பலை அடக்குவது பற்றிய கடிதங்கள் எல்லாம் அவர் கைவழியாகச் சென்றன. போருக்குப் பிந்திய அமெரிக்காவை விட்மன் வெளியிலிருந்து பாடினார் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அந்த அரசு தன்னை மீளக் கட்டிய கடிதங்களை எழுதியதே அவர் கைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதிய கையின் கருத்தும் எழுதப்பட்ட கடிதத்தின் கருத்தும் ஒன்றாக இருந்தன என்று கொள்ள இடமில்லை. கறுப்பின மக்களின் வாக்குரிமை பற்றி விட்மனின் உரைநடையில் வெளிப்படும் எண்ணங்கள், அவர் கவிதைகளின் பெருந்தன்மைக்கு எட்டாதவை. சில இடங்களில் படிக்கவே கூசுபவை. அவரைப் போற்றுவோர் இதை மெல்லத் தாண்டிச் செல்வது வழக்கம். நான் அதற்கு உடன்படுவதில்லை. சனநாயகத்தின் கவிஞர் தயங்கிய இடத்தில், அவர் பிரதியெடுத்த அரசாங்கக் கடிதங்கள் ஒருசில ஆண்டுகளாவது அவரை விட முன்னே சென்றன.

அந்த ஆண்டுகளின் பெரிய சட்டம் 1868 யூலையில் நிறைவேறிய 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம். நேற்று வரை அடிமைகளாக இருந்தவர்களுக்கும், அந்த மண்ணில் பிறந்தார்கள் என்ற காரணத்தால் பிரஜாவுரிமை உண்டு என்றது அது. சரியாக 80 ஆண்டுகள் கழித்து 1948இல், இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இதற்கு நேரெதிரான காரியத்தைச் செய்தது. இந்த மண்ணில் பிறந்திருந்தாலும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. அதன் வழியே சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவை 8 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் வாழ்வைச் சுமந்தவை. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். மணமானவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் என்றால் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். செக்ரோலில் பெயராகவும் லயத்தில் ஆளாகவும் மட்டுமே இருந்தவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் அரசு எழுத்தையே சாட்சியாகக் கேட்டது. அந்த விண்ணப்பங்களை நிரப்பியவர்கள் தொழிற்சங்கக்காரர்களும் வாத்தியார்மாரும் கணக்குப்பிள்ளைமாரும். ஓர் எழுத்துப் பிழையில் ஒரு குடும்பம் நாடிழக்கும் என்று அறிந்தே எழுதினார்கள்.

நமக்கும் ஒரு கவிஞர் அந்த இடத்தில் இருந்தார். 1914இல் வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தொழிற்சங்கவாதி, இதழாசிரியர், தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடியவர், தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவருக்கு வாக்களித்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அழிக்கப்பட, 1952 தேர்தலோடு அந்தக் கதவும் மூடியது. 1984இல் சி.வி. மறைந்தார். அவருடைய கவிதைக்கும் நாவலுக்கும் பதிப்புகள் வந்தன. தொழிற்சங்கக் கந்தோரிலிருந்து துரைமாருக்கும் திணைக்களங்களுக்கும் ஒரு தொழிற்சங்கவாதி எழுதும் கடிதங்களையும் கவிஞரின் எழுத்தாகக் கருதித் தேடும் பழக்கம் நம்மிடம் இல்லை. விட்மன் விடயத்தில் அமெரிக்கர்களுக்கே அந்தப் பழக்கம் வர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. எட்வின் ஹவிலண்ட் மில்லர் 1961 முதல் 1977 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த விட்மன் கடிதங்களிலும் இந்தக் கந்தோர்க் கடிதங்கள் சேரவில்லை.

அந்தத் தொகுதிகளில் இருப்பவை சொந்தக் கடிதங்கள். தாய் லூயிசாவுக்கு எழுதியவை அவற்றில் தலையாயவை. அந்த அம்மா எழுதிய பதில்களில் நிறுத்தக்குறி கிடையாது. எழுத்துப் பிழை மலிந்திருக்கும். வாடகையும் விலைவாசியும் பிள்ளைகளின் நோயும் ஒரே மூச்சில் வந்து விழும். மகன் எவ்வளவோ எழுதியும் நூல் பற்றிய பெருமையை விட அம்மாவின் கால்வலியையே அதிகம் விசாரிக்கிறார். குதிரை டிராம் வண்டியின் நடத்துநராக இருந்த பீற்றர் டொயிலுக்கு எழுதிய கடிதங்கள் இன்னொரு வகை. விட்மன் இறந்த ஐந்தாண்டுகளில், 1897இல் நூலாயின. இவற்றிற் பல சட்டமா அதிபர் அலுவலகக் கடிதத்தாளிலேயே எழுதப்பட்டவை. மாலையில் எல்லோரும் போன பின், விளக்கும் கணப்பும் இருந்த அதே கந்தோருக்கு வந்து அமர்ந்து வாசிப்பதும் எழுதுவதும் அவர் வழக்கம். 1873 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியது; மே மாதம் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு பதவியும் போயிற்று.

2016இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்விதவைகளின் ஓய்வூதியக் கோவைகளை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்த தொண்டர் ஒருவரின் கண்ணில் இன்னொரு கடிதம் பட்டது. திகதி 1866 ஜனவரி 21. நியூ ஹம்ப்ஷயர் 8ஆம் படையணியின் ரொபர்ட் ஜாபோ என்ற சிப்பாய், காசநோயுடன் வாஷிங்டன் மருத்துவமனையில் படுத்திருந்தபடி, நியூயோர்க் மாநிலத்தில் பிள்ளைகளுடன் காத்திருந்த மனைவிக்கு எழுதுவித்தது. ஜாபோவுக்கு எழுதத் தெரியாது. நெடுநாள் கடிதம் போடாததற்கு மன்னிப்பும், நெஞ்சு நோயின் நிலையும், பிள்ளைகளைப் பற்றிய விசாரணையும் அதில் உள்ளன. விட்மன் மருத்துவமனைகளில் பிறருக்காக எழுதியவற்றில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் இது ஒன்று.

ஜாபோ வீடு திரும்பவில்லை. அவர் மனைவி ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த கோவைக்குள் அந்தத் தாள் 150 ஆண்டுகள் இருந்தது. அதன் அடியில், கடிதத்தை எழுதியவர் வோல்ட் விட்மன் என்ற நண்பர் என்று ஒரு குறிப்பு. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் எவருடையதாகவும் இருந்திருக்கலாம்.