வாய்க்காலோடு வந்த நிழல்: டென்வர் நகர மரங்களின் கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரின் பழைய குடியிருப்புத் தெருக்களைப் படத்தில பார்த்திருப்பீங்கள். பின்னால் றொக்கி மலைத்தொடர், முன்னால் வீதியின் இரண்டு பக்கமும் கிளை விரித்து நிற்கிற எல்ம், மேப்பிள், ஆஷ் மரங்கள். காட்டை வெட்டித்தான் இந்த ஊரைக் கட்டியிருப்பார்கள் என்று முதலில நாங்களும் நினைச்சோம். உண்மை அதுக்கு நேர் எதிர். இங்கே ஊர் வந்த பிறகுதான் மரம் வந்தது. 1873 இல் அந்தப் பக்கம் பயணம் செய்த ஆங்கிலேய எழுத்தாளர் இசபெல்லா பேர்ட், மரமே இல்லாத ஊராகத்தான் டென்வரைப் பதிவு செய்தார்.

காரணம் எளிது. டென்வர் கடல் மட்டத்தில இருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழையையும் பனியையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 370 மில்லிமீற்றர்தான் வீழ்ச்சி. எங்கட நாட்டில வரண்ட இடம் என்று சொல்லுற மன்னாரிலகூட இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல மழை பெய்யும். மண்ணும் காரத்தன்மையுள்ள களிமண். அந்தப் புல்வெளியில் தானாக வளர்ந்த பெரிய மரம் என்றால், ஆற்றங்கரையோரம் நின்ற கொட்டன்வூட்டும் வில்லோவும்தான்.

அந்த ஆற்றங்கரை மரங்களும் சும்மா நிற்கவில்லை. செயென், அராப்பஹோ மக்கள் குளிர்காலத்தில் அவற்றின் மறைவில்தான் கூடாரம் அடித்தார்கள். பனிக்காலத்தில் புல் கிடைக்காதபோது குதிரைகளுக்குக் கொட்டன்வூட் பட்டையை உணவாகக் கொடுத்தார்கள். 1851 ஒப்பந்தம் இந்த நிலத்தை அவர்களுடையது என்று ஏற்றிருந்தது. 1858 இல் தங்கம் தேடி வந்தவர்கள் ஊர் அமைத்தார்கள். வீடு கட்டவும் அடுப்பெரிக்கவும் கரையோர மரங்களை வெட்டினார்கள். 1861 இல் இன்னொரு ஒப்பந்தம் அந்த மக்களின் நிலத்தில் பெரும்பகுதியைப் பறித்தது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிறீக் என்ற இடத்தில், கேணல் சிவிங்டனின் படை அவர்களுடைய முகாமைத் தாக்கியது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும்.

அதுக்குப் பிறகு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1867 இல் 'சிற்றி டிச்' என்ற வாய்க்கால் டென்வருக்குத் தண்ணி கொண்டுவந்தது. சவுத் பிளாற் ஆற்றில் இருந்து பிரிந்து, புவியீர்ப்பை மட்டும் நம்பி நகரத்துக்குள் ஓடிய வாய்க்கால் அது. தெருவோரச் சிறு கால்வாய்கள் வழியாக வீட்டு முற்றங்களுக்குத் தண்ணி போனது. ஆக்கள் முதலில ஆற்றங்கரையில இருந்து கொட்டன்வூட் கன்றுகளைப் பிடுங்கி வந்து நட்டார்கள். பிறகு கிழக்கு மாநிலங்களில் தாங்கள் விட்டுவந்த ஊர்களின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். நகரத்தின் அழகைப் பற்றி எழுதுறவர்கள் பலர் கதையை இந்த வாய்க்காலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அதுக்கு முந்தின மூன்று ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

மேயர் கொடுத்த மரங்கள்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேயராக இருந்த றொபேர்ட் ஸ்பியர், 1893 சிக்காகோ கண்காட்சிக்குப் பிறகு பரவிய 'அழகிய நகரம்' என்ற இயக்கத்தால் ஈர்க்கப்பட்டவர். பூங்காக்களையும் மரவரிசை வீதிகளையும் அமைத்ததோடு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். காசநோய்க்கு வரண்ட காற்று நல்லது என்று நம்பி நெதர்லாந்தில் இருந்து வந்த டி போர் என்ற நிலத்தோற்றக் கலைஞர், 1910 இல் நகரத்தின் பணியில் சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். இன்றைக்குப் பழைய தெருக்களில் நிற்கிற முதிர்ந்த மரங்களில் பல அந்தக் காலத்தின் மிச்சம்.

ஆனால் ஒரு பிழை நடந்தது. கெதியா வளருது, வடிவா நிழல் தருது என்று எல்லாரும் ஒரே மரத்தையே நட்டார்கள். அமெரிக்க எல்ம் தெருத்தெருவாக நின்றது. வண்டு மூலம் பரவும் ஒரு பூஞ்சை நோய் 1930 இல் அமெரிக்காவுக்குள் வந்து, 1948 இல் கொலராடோவை எட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் டென்வரின் எல்ம் வரிசைகள் பட்டுப்போயின. வெற்றிடத்தை எதால் நிரப்பினார்கள் தெரியுமா? பெரும்பாலும் ஆஷ் மரத்தால். 2002 இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு, 2013 இல் டென்வருக்குப் பக்கத்தில இருக்கிற போல்டர் நகரத்தில் பிடிபட்டது. அந்த நேரம் டென்வரில் ஏறக்குறைய ஆறு மரத்துக்கு ஒன்று ஆஷ். ஒரே பாடத்தை அந்த நகரம் இரண்டு தரம் படிக்க வேண்டி வந்தது.

குளிரில் தாகம்

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது குளிர்காலப் பராமரிப்புத்தான். குளிர்காலத்தில் மரம் தூங்குது, அதுக்கு என்னத்துக்குத் தண்ணி என்று கேட்கத் தோன்றும். டென்வரின் குளிர்காலம் ஈரமானது இல்லை. பனி பெய்தாலும் மலையில இருந்து இறங்குற வெப்பக்காற்றும் கடும் வெயிலும் அதைச் சில நாளிலேயே உலர்த்திவிடும். வாரக்கணக்கில் மண் வரண்டு கிடந்தால் நுண்வேர்கள் செத்துவிடும். மரம் அதை உடனே காட்டாது. வசந்தத்தில் தன்னிடம் சேமிப்பில் இருக்கிற சக்தியை வைத்துத் துளிர்க்கும். பிறகு கோடையில் வாடும், அல்லது பலவீனப்பட்டுப் பூச்சிக்கு இரையாகும்.

அதனால் அங்கே ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரை, பனி மூடாத நாட்களில், வெப்பநிலை 4 அல்லது 5 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால், மதிய வேளையில் தண்ணி விடுவார்கள். மாதத்தில ஒன்று அல்லது இரண்டு தரம். அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 38 லீற்றர் என்பது கணக்கு. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு மரத்துக்கு ஒரு தரத்துக்கே 450 லீற்றருக்கு மேல வேணும். அதையும் அடிமரத்தில் ஊற்றிப் பிரயோசனமில்லை. வேர்கள் கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும், அங்கேதான் மெதுவாக ஊறவேணும். மண்ணின் மேல் மரச்சீவலைப் பரப்பி ஈரத்தைக் காப்பார்கள், ஆனால் அது அடிமரத்தைத் தொடக்கூடாது.

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் மலைக் காலநிலை ஏமாற்றும். இலை உதிர முன்னமே பனி பெய்தால், இலைகளில் தங்குற பாரத்தால் கிளைகள் முறியும். 2014 நவம்பரில் இதமான வெயில் ஓரிரு நாளுக்குள் மைனஸ் 20 பாகைக்கும் கீழே போனது. குளிருக்கு இன்னும் ஆயத்தமாகாத சைபீரிய எல்ம்களும் செரி மரங்களும் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கவேயில்லை.

யாருடைய தெருவில நிழல்?

இவ்வளவு தண்ணியும் உழைப்பும் வேணும் என்றால், மரம் வளர்க்க யாருக்கு வசதி இருந்தது என்ற கேள்வி வரும். 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நிறம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்களும் ஏழைக் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். கடன் கிடைக்காத இடத்தில் வீடு திருந்தாது, முதலீடு வராது, மரமும் பெருகாது. டென்வரின் வடக்கில் குளோப்வில், எலிறியா, சுவான்சி பகுதிகளை உலோக உருக்காலைகளும் தண்டவாளங்களும் சூழ்ந்திருந்தன, பின்னாளில் நெடுஞ்சாலையும் அவற்றை ஊடறுத்துப் போனது. 2020 இல் 108 அமெரிக்க நகரங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பெரும்பாலான நகரங்களில் பழைய சிவப்புப் பகுதிகள்தான் கூடுதலாகச் சூடாகின்றன என்று காட்டியது. வித்தியாசம் மிக அதிகமாக இருந்த நகரங்களில் டென்வரும் ஒன்று.

இன்னொரு விசயமும் இருக்கு. டென்வரில் வீதியோர மரம் பொது நிலத்தில் நின்றாலும், அதைப் பராமரிக்க வேண்டியவர் பக்கத்துக் காணிச் சொந்தக்காரர். கிளை வெட்டவும் அவர்தான் காசு கட்டவேணும். காசில்லாதவருக்கு நிழலே ஒரு கடன். வாடகைக்கு இருப்பவருக்கோ அந்த மரத்தைப் பற்றி முடிவெடுக்கிற உரிமையும் இல்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். தண்ணிப் பற்றாக்குறையால் புற்தரைகளை அகற்றச் சொல்லிக் கொலராடோ ஊக்குவிக்கிறது. 2022 இல் அதுக்கு நிதி கொடுக்கச் சட்டமும் வந்தது. நியாயமான முடிவுதான். ஆனால் பழைய மரங்கள் பல இத்தனை காலமும் புல்லுக்கு விட்ட தண்ணியைக் குடித்துத்தான் வாழ்ந்தன. புல்லை எடுத்துக் குழாயையும் மூடினால், பக்கத்தில நிற்கிற 80 வயது மேப்பிளும் சேர்ந்து போகும். மரத்துக்கென்று தனியாகத் தண்ணி விட்டால் மட்டும்தான் இரண்டையும் சமாளிக்கலாம்.

மரம் நடுவதை நல்ல காரியம் என்று நாங்கள் எல்லாரும் சொல்லுவோம். நட்டுவிட்டுப் படமும் எடுப்போம். ஸ்பியர் கொடுத்த கன்றுகள் இன்றைக்கும் நிழல் தருது என்றால், அதுக்குப் பின்னால் நூறு ஆண்டாக யாரோ குளிர்காலத்தில் குழாயை இழுத்துக்கொண்டு வெளியில போயிருக்கிறார்கள். அந்தத் தண்ணி யாருடைய நிலத்தால ஓடி வந்தது, எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அதே வரலாறுதான். இனி ஒரு நகரத்தின் மரங்களைப் பார்க்கிறபோது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகுவோம்.